சர்க்கரை மாத்திரையும் இதயச் சுவரின் எடையும்

நேயர்களுக்கு வணக்கம். சர்க்கரை மாத்திரை வேலை செய்கிறதா என்று டாக்டர் கேட்டால், நாம் நீட்டுவது ரத்தப் பரிசோதனைச் சீட்டை. வெறும் வயிற்றில் இவ்வளவு, மூன்று மாதச் சராசரி இவ்வளவு. இதயத்தைப் பற்றி அதில் ஒரு வரியும் இருக்காது.

2015-இல் எம்பாக்ளிஃப்ளோசின் என்னும் சர்க்கரை நோய் மாத்திரையை ஏழாயிரம் பேரிடம் சோதித்த ஆய்வு வெளிவந்தது. போலி மாத்திரை சாப்பிட்டவர்களைவிட, இதய, ரத்தக்குழாய் நோயால் இறந்தவர்கள் 38 சதவீதம் குறைவு. சர்க்கரை அளவில் இரு குழுவுக்கும் இருந்த வித்தியாசமோ சொற்பம். அப்படியானால் இதயத்தில் என்ன மாறுகிறது? கனடாவில், டொராண்டோவில், எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரையோடு இதய ரத்தக்குழாய் அடைப்பும் உள்ள 97 பேர். பாதிப் பேருக்குத் தினம் 10 மில்லிகிராம், மற்றவர்களுக்குப் போலி மாத்திரை. தொடக்கத்தில் ஒரு படம், ஆறு மாதம் கழித்து இன்னொன்று. பார்த்தது, உடலுக்கு ரத்தத்தைச் செலுத்தும் இடது கீழறைச் சுவரின் எடையை.

உயிரோடிருக்கும் இதயத்தை எப்படி எடை போடுவது? புடலங்காயை வட்டமாக அரிந்தால் நடுவில் குழி, சுற்றிலும் சதை. இதயத்தையும் அப்படித்தான் படத்தில் அரிகிறார்கள். வழக்கமாக 8 மில்லிமீட்டர் வட்டம், 2 மில்லிமீட்டர் இடைவெளி. இதயம் முழுக்க விரிந்த நொடியின் படத்தில் உள்கோடு, வெளிக்கோடு வரைந்து, நடுவிலுள்ள சதையின் பரப்பைச் சதுர சென்டிமீட்டரில் எடுக்க வேண்டும். ஒவ்வொரு வட்டமும் இடைவெளியோடு ஒரு சென்டிமீட்டர். எல்லாவற்றையும் கூட்டி, ஒரு கன சென்டிமீட்டர் இதயத் தசையின் எடையான 1.05-ஆல் பெருக்கினால் கிராம்.

தப்பு நடப்பது பெரும்பாலும் மேல் வட்டத்தில்தான். வால்வை ஒட்டிய அந்த இடத்தில் கீழறை எங்கே முடிகிறது, மேலறை எங்கே தொடங்குகிறது என்பது மங்கலாகத் தெரியும். அந்த ஒரு வட்டமே 10 கிராமைத் தாண்டலாம். டொராண்டோவில் மாத்திரையால் சுவரின் எடை குறைந்ததோ, உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 3.35 கிராம், ஓர் ஆளுக்குச் சுமார் ஆறு கிராம். ஒரு வட்டத்தைக் கூடுதலாகச் சேர்த்தால் மாத்திரையின் பலன் முழுவதும் காணாமல் போகும்! அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: இரண்டு படத்தையும் ஒரே ஆள், ஒரே விதிப்படி அளக்க வேண்டும், யார் எந்த மாத்திரை சாப்பிட்டார் என்பது அவருக்குத் தெரியக் கூடாது. குழிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் தசைத் தூண்களைச் சேர்ப்பதா விடுவதா என்பதையும் முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும்.

மூச்சும் முக்கியம். ‘மூச்சை விடுங்க, அப்படியே நிறுத்துங்க’ என்று எம்.ஆர்.ஐ. அறையில் சொல்வார்களே, ஒவ்வொரு முறையும் ஒரே அளவுக்கு விட்டால்தான் இதயம் ஒரே இடத்தில் நிற்கும். இல்லாவிட்டால் ஒரு வட்டம் இருமுறை வரும், இன்னொன்று விடுபடும்.

இன்னொன்று: இந்த மாத்திரையால் உடல் எடை சற்றுக் குறையும், உடல் பரப்பும் குறையும். அதனால் பரப்பால் வகுக்காத கிராம் கணக்கையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

நேரம் நெருங்கிவிட்டது. இதயத் தசையில் நார் படிவதை அளப்பது பற்றி விரிவாகச் சொல்ல இருந்தேன். ஒன்றை மட்டும் சொல்கிறேன். அதற்குப் படத்தில் தசையை வேறுபடுத்திக் காட்டும் காடோலினியம் ஊசி போட வேண்டும், முன்னதாகச் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் பார்க்க வேண்டும். கணக்குக்கு ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கும் தேவை. இந்த மாத்திரை அதையே உயர்த்திவிடும். பழைய சீட்டிலுள்ள எண்ணைப் போட்டால் நார் இருப்பதைவிட அதிகமாகத் தெரியும். படம் எடுக்கும் அன்றைக்கே ரத்தமும் எடுத்துவிடுங்கள். வணக்கம்.