ரோட்டில் கை காட்டுகிறவர் நிஜ போலீஸ்தானா? எப்படித் தெரிந்துகொள்வது?

வணக்கம் நண்பர்களே. இன்றைக்குப் பேசப் போவது போலி போலீஸ் பற்றி. பேப்பரில் அடிக்கடி கண்ணில் படுகிற செய்திதான். காக்கி பேன்ட், ஒட்ட வெட்டிய முடி, கையில் லத்தி, பைக்கில் 'போலீஸ்' என்று ஸ்டிக்கர். ஆள் ரோட்டோரம் நின்று கை காட்டுகிறார், நாமும் ஓரங்கட்டுகிறோம். பணமோ போனோ பறிபோன பிறகுதான் வந்தவன் போலீஸே இல்லை என்று தெரிகிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஆட்களின் பிழைப்பே நம் பயத்தையும், 'ஏதாவது கொடுத்து முடிச்சுக்கலாம்' என்கிற நம் பழக்கத்தையும் நம்பித்தான் நடக்கிறது. ஹெல்மெட் இல்லை, இன்சூரன்ஸ் போன மாதமே முடிந்துவிட்டது என்றால் உடனே கை சட்டைப்பைக்குப் போகிறது. பெயர் கேட்பதில்லை, ரசீது கேட்பதில்லை. நிஜ போலீஸிலேயே சிலர் இப்படி வாங்கிப் பழக்கிவிட்டார்கள். எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிற விஷயம் அது. அவர்கள் போட்டுக் கொடுத்த பாதையில்தான் போலி ஆள் வந்து நிற்கிறான்.

அதனால் ஒரே ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: "சார், தப்பு என்னுதுதான், சலான் போடுங்க, நான் ஆன்லைன்ல கட்டிடறேன்." சென்னை போக்குவரத்து போலீஸ் 2018-லேயே ரொக்கமாக அபராதம் வாங்குவதை விட்டுவிட்டு, கையில் இருக்கும் மெஷினில் சலான் போடும் முறைக்கு வந்துவிட்டார்கள். வண்டி நம்பரைத் தட்டுவார்கள், என்ன குற்றம் என்று பதிவாகும், சலானுக்கு ஒரு எண் விழும். அரசாங்கத்தின் 'பரிவாகன்' போக்குவரத்து இணையதளத்தில் வண்டி நம்பரைப் போட்டு நீங்களே பார்த்துக்கொள்ளலாம். பணத்தை அங்கேயே, அப்போதே கட்டியாக வேண்டும் என்று கிடையாது. ஹெல்மெட் போடாததற்கு 2022 அக்டோபரிலிருந்து தமிழ்நாட்டில் 1,000 ரூபாய். "ஆயிரம் எதுக்குப்பா, முந்நூறு கொடுத்துட்டுப் போ" என்று ஒருவர் சொன்னால், அவர் நிஜமோ போலியோ, அந்த முந்நூறு அரசாங்கத்துக்குப் போகப் போவதில்லை. போலி ஆளிடம் மெஷினும் இருக்காது, சலான் எண்ணும் இருக்காது. சலான் போடுங்கள் என்று நீங்கள் அசையாமல் நின்றால் அவனுக்கு அதற்கு மேல் வழியில்லை.

சரி, சீருடையைப் பார்த்தே கண்டுபிடிக்க முடியாதா என்று கேட்பீர்கள். ஓரளவுக்கு முடியும். சென்னையில் போக்குவரத்து போலீஸ் என்றால் வெள்ளைச் சட்டை, காக்கி பேன்ட். எஸ்.ஐ. என்றால் தோளில் இரண்டு நட்சத்திரம், இன்ஸ்பெக்டர் என்றால் மூன்று, கூடவே சிவப்பும் நீலமும் கலந்த ரிப்பன். நெஞ்சில் பெயர்ப் பட்டை இருக்க வேண்டும். காலில் செருப்போ ஸ்போர்ட்ஸ் ஷூவோ போட்டு, பெயர்ப் பட்டையும் இல்லாமல் ஒருவர் நின்றால் சந்தேகப்படுங்கள். ஆனால் எல்லாம் சரியாக இருக்கிறது என்பதற்காக நம்பிவிடாதீர்கள். தைக்கத் தெரிந்தவர் யாரும் அந்தச் சட்டையைத் தைத்துவிடலாம்.

இதில் உலகத்தையே உலுக்கிய ஒரு சம்பவம் உண்டு. கனடாவில் நோவா ஸ்கோஷியா மாகாணம், 2020 ஏப்ரல் 18, 19. போலீஸ் கழித்துவிட்ட ஒரு காரை வாங்கி, அதில் அசல் மாதிரியே ஸ்டிக்கர் ஒட்டி, மேலே விளக்கும் மாட்டி, சீருடையும் போட்டுக்கொண்டு ஒருவன் சுற்றினான். 22 பேரைக் கொன்றான். அசல் காருக்கும் அவனுடைய காருக்கும் பார்த்தவுடன் தெரிகிற வித்தியாசம், முன் பம்பரில் அவன் மாட்டியிருந்த கறுப்புக் கம்பிச் சட்டம்தான். பதறிப்போயிருக்கிற நேரத்தில் யார் கண்ணுக்கு அது படும்? அதன் பிறகுதான் போலீஸ் சீருடையும் வண்டிப் பொருட்களும் வெளியாட்கள் கைக்குப் போகாமல் தடுக்க அந்த மாகாணம் தனிச் சட்டம் போட்டது.

அதனால் உடுப்பைப் பாருங்கள், அதைவிட அவர் என்ன கேட்கிறார் என்பதைக் கவனியுங்கள். லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ் கேட்டால் சரி. மோட்டார் வாகனச் சட்டம் 130-ஆவது பிரிவுப்படி சீருடையில் இருக்கும் போலீஸ் லைசென்ஸ் கேட்டால் காட்டியே ஆக வேண்டும், அதில் வாதம் பண்ணாதீர்கள். 'சீருடையில் இருக்கும்' என்று சட்டத்திலேயே இருக்கிறது. மஃப்டியில் வந்து வண்டியை மறித்து லைசென்ஸ் கேட்டால் அடையாள அட்டையைக் கேளுங்கள். டிஜிலாக்கர் என்கிற அரசாங்க ஆப்பில் இருக்கிற ஆவணம் செல்லும். ஆனால் போனைக் கையில் கொடுத்துவிடாதீர்கள், நீங்களே பிடித்துக்கொண்டு காட்டுங்கள். பர்ஸைக் கொடு, போனை அன்லாக் பண்ணு, ஜிபேயில் இந்த நம்பருக்கு அனுப்பு, என் வண்டியில் ஏறு என்று பேச்சு திரும்பினால் அது வாகனச் சோதனை இல்லை.

பெயரும் ஸ்டேஷனும் கேட்பதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை. "தப்பா எடுத்துக்காதீங்க சார், போலி ஆளுங்க பற்றி நிறைய நியூஸ் வருது, நீங்க எந்த ஸ்டேஷன்?" என்று பணிவாகக் கேளுங்கள். நிஜமானவர் எரிச்சல்பட்டாலும் ஸ்டேஷன் பெயரைச் சொல்லிவிடுவார். சொல்லவில்லையா, அவர் எதிரிலேயே 112 என்கிற அவசர உதவி எண்ணுக்குப் போட்டு, இந்த இடத்தில் இரண்டு பேர் நிறுத்தியிருக்கிறார்கள், ரோந்து வண்டி அனுப்புங்கள் என்று சொல்லுங்கள். போலி ஆள் ரோந்து வண்டி வரும்வரை நிற்கமாட்டான்.

ராத்திரி நேரம், பைபாஸில் தனியாக வருகிறீர்கள், தடுப்பு எதுவும் இல்லாமல் ஒருவர் மட்டும் டார்ச் அடிக்கிறார் என்று வையுங்கள். வேகமெடுத்துத் தப்பிக்கப் பார்க்காதீர்கள், நிஜ போலீஸாக இருந்தால் உங்கள் மேல்தான் சந்தேகம் வரும். வேகத்தைக் குறைத்து, இண்டிகேட்டர் போட்டு, முன்னால் நிறுத்துகிறேன் என்று கையால் காட்டிவிட்டு வெளிச்சமான இடத்துக்குப் போய் நில்லுங்கள். பெட்ரோல் பங்க், டீக்கடை, டோல்கேட், எது பக்கமோ அது. நிறுத்தியதும் 112-க்குச் சொல்லிவிடுங்கள். கார் என்றால் கதவு பூட்டியே இருக்கட்டும், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிப் பேசினால் போதும். பெண்களுக்கு ஒன்று: விதிவிலக்கான சூழ்நிலை தவிர, சூரியன் மறைந்த பிறகு பெண்ணைக் கைது செய்யச் சட்டத்தில் இடமில்லை. அப்படியே செய்தாலும் பெண் அதிகாரி வேண்டும், மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி வேண்டும். ஆகவே "ஸ்டேஷனுக்கு வா" என்று ராத்திரியில் யார் வண்டியிலும் ஏறாதீர்கள்.

கடற்கரையில், பார்க்கில் உட்கார்ந்து பேசுகிற ஜோடிகளைத்தான் இவர்கள் அதிகம் குறி வைக்கிறார்கள். "வீட்டுக்குப் போன் பண்ணட்டுமா?" என்பதுதான் அவர்கள் ஆயுதம். வயது வந்த இரண்டு பேர் பொது இடத்தில் உட்கார்ந்து பேசுவது எந்தச் சட்டத்திலும் குற்றம் இல்லை. பயந்து செயினைக் கழற்றிக் கொடுக்காதீர்கள்.

அப்புறம், வண்டியே ஓட்டாத உங்கள் அம்மா, பாட்டிக்கு இந்த ஒரு தந்திரத்தை விவரமாகச் சொல்லுங்கள். காலையில் கோயிலுக்கு நடந்து போகும்போது இரண்டு பேர் பைக்கில் வந்து நிற்பார்கள். "அம்மா, நாங்க போலீஸ். அடுத்த தெருவுல திருட்டு நடந்திருக்கு, இவ்வளவு நகை போட்டுட்டுப் போறீங்களே" என்று அக்கறையாகப் பேசுவார்கள். அதே நேரத்தில் இன்னொருவன் வழிப்போக்கன் மாதிரி வருவான், அவனைத் திட்டி அவன் செயினைக் கழற்றச் சொல்லிக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்கள். அவனும் அவர்கள் ஆள்தான். அதைப் பார்த்ததும் அம்மாவுக்கு நம்பிக்கை வந்துவிடும். வளையலையும் செயினையும் கழற்றிக் கொடுப்பார், கண்ணெதிரேயே மடித்துப் பைக்குள் வைத்துக் கொடுப்பார்கள். வீட்டுக்குப் போய்ப் பிரித்தால் உள்ளே கூழாங்கல். எந்த போலீஸும் தெருவில் நிறுத்தி நகையைக் கழற்றச் சொல்லமாட்டார், நகையைக் கையில் வாங்கி மடித்துத் தரமாட்டார்.

ஏமாந்துவிட்டீர்கள் என்றால் வெட்கப்பட்டு வீட்டில் உட்காராதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்கிற புதிய குற்றவியல் சட்டத்தின் 204-ஆவது பிரிவில், அரசு ஊழியராக நடித்து அந்தப் பெயரில் காரியம் செய்கிறவனுக்குக் குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. அதற்கு முன் இருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இதற்குக் குறைந்தபட்சம் என்று ஒன்று இல்லவே இல்லை. வண்டி நம்பர், எந்தப் பக்கம் போனார்கள், எதிரில் எந்தக் கடையில் கேமரா இருக்கிறது என்பதை உடனே குறித்துக்கொண்டு பக்கத்து ஸ்டேஷனுக்குப் போங்கள். "இது எங்க எல்லை இல்லை" என்றால் ஜீரோ எஃப்.ஐ.ஆர். போடச் சொல்லுங்கள், எந்த ஸ்டேஷனிலும் போடலாம். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், அதைக் கையில் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.