பனியைவிடக் கொடியது காற்று

அவையோருக்கு வணக்கம். என் சிறுவயதுப் பனிக்காலங்களைப் பற்றிப் பேசுமாறு ஏற்பாட்டாளர்கள் கேட்டபோது எனக்குச் சற்றுத் தயக்கமாக இருந்தது. சிங்கப்பூரின் ஜூரோங் ஸ்னோ சிட்டி என்னும் செயற்கைப் பனிக்கூடத்தில் சறுக்கிவிட்டோ டிசம்பர் விடுமுறையில் ஜப்பானின் ஹொக்கைடோ சென்றுவிட்டோ வந்தவர்களுக்குப் பனி என்பது கொண்டாட்டம். எங்களுக்கு அது அன்றாட வேலை.

நான் வளர்ந்தது நார்வேயின் வடகோடியில், ஃபின்மார்க் பகுதியின் பாரன்ட்ஸ் கடலோரத்தில் உள்ள போட்ஸ்ஃபியோர்ட் என்னும் மீன்பிடி ஊரில். ஏறத்தாழ 2,000 பேர் வாழும் அந்த ஊருக்கு யாழ்ப்பாணத்துத் தமிழர் எப்படிப் போனார்கள் என்று இங்கே பலர் என்னைக் கேட்டதுண்டு. 1980களில் மாணவர்களாக நார்வேக்கு வந்த இளைஞர்களும், போருக்குத் தப்பி வந்தவர்களும், மீன் பதனிடும் ஆலைகளில் ஆள் தேவைப்பட்ட வடக்கு ஊர்களைத் தேடிச் சென்றார்கள். என் பெற்றோரும் அவ்வாறே சென்று, காட் என்னும் குளிர்கடல் மீனைத் துண்டுபோடும் வரிசையில் அருகருகே நின்றார்கள்.

ஊர் துருவ வட்டத்துக்கு வடக்கே இருந்தாலும், வட அட்லாண்டிக் நீரோட்டம் கொண்டுவரும் வெப்பத்தால் அந்தக் கரையோரக் கடல் உறைவதில்லை. துறைமுகம் குளிர்காலம் முழுவதும் இயங்கும். கடலிலிருந்து தள்ளி உட்பகுதியில் உள்ள கரஷோக் ஊரில் 1886ஆம் ஆண்டில் பதிவான மைனஸ் 51.4 டிகிரி போன்ற குளிரை எங்கள் கரையோரம் கண்டதில்லை. எங்களை வாட்டியது காற்று. மரமே இல்லாத மேட்டுநிலத்தில் விழுந்த பனியை அது வாரிக்கொண்டு வந்து வாசலிலும் சாலையிலும் குவிக்கும். புதிதாகப் பெய்த பனி ஒரு கன மீட்டருக்கு 100 கிலோவைக்கூட எட்டாது. காற்று இறுக்கிய பனியோ 300 கிலோவைத் தாண்டிவிடும். அதனால்தான் மண்வாரியை வெளியே வைக்காமல் வீட்டுக்குள்ளேயே வைத்திருப்போம். வெளியே வைத்தால், அதைத் தோண்டி எடுக்க இன்னொன்று வேண்டும்.

ஊரை வெளியுலகோடு இணைப்பது மலைமேட்டைக் கடக்கும் ஒரே சாலை. காற்று எழுந்தால் தடுப்புக்கட்டையை இறக்கிவிடுவார்கள். சற்றுத் தணிந்ததும், பனி அள்ளும் கனவண்டி முன்னே செல்ல, மற்ற வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக அதைத் தொடர வேண்டும். முன்வண்டியின் சிவப்பு விளக்கைத் தவிர வேறெதுவும் கண்ணுக்குத் தெரியாத அந்தப் பயணத்தில் தனியாக முந்திச் செல்லவோ இறங்கி நடக்கவோ எவருக்கும் அனுமதி இல்லை. எரிபொருள் போதுமான அளவு இருக்க வேண்டும். கம்பளி உடை கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஆலை மேலாளராக இருந்தாலும் அப்பாவைப் போன்ற கூலித் தொழிலாளியாக இருந்தாலும் வரிசை ஒன்றுதான். இங்கே சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை கூரை போட்டு மழையைச் சமாளிக்கிறோமே, அதுபோல அங்கே குளிரைச் சமாளிப்பது தனிமனிதத் துணிச்சலன்று, பொது ஏற்பாடு. சாகசக் கதைகளில் வரும் பனிப்புயல் வீரர்களை நான் நம்பாததற்கு அந்தச் சாலையே காரணம்.

குளிரைவிட அம்மாவுக்குப் பெரும்பாடாக இருந்தது இருள். நவம்பர் கடைசி வாரத்திலிருந்து ஜனவரி மூன்றாம் வாரம் வரை சூரியன் அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. நண்பகலில் ஓரிரு மணிநேரம் நீலநிற வெளிச்சம் மட்டும் இருக்கும். வெயில் இல்லாததால் உடலில் வைட்டமின் டி குறையும் என்று, காட் மீனின் ஈரல் எண்ணெயைப் பிள்ளைகளுக்குக் கரண்டியில் ஊட்டுவது அந்நாட்டு வழக்கம். அம்மா அதை வேப்பெண்ணெயைவிட மோசம் என்று சொல்லிக்கொண்டே எங்களுக்கு மட்டும் தவறாமல் ஊட்டுவார். இருளில் பள்ளிக்கு நடக்கும் பிள்ளைகள் வண்டியோட்டிகளின் கண்ணில் பட வேண்டும் என்பதற்காக, எல்லார் மேலாடையிலும் ஒளியைத் திருப்பும் பட்டை இருக்கும்.

ஜனவரியில் சூரியன் திரும்பும் நாளைச் 'சூரிய நாள்' என்றே வடக்கில் கொண்டாடுவார்கள்; அன்று 'சூரிய பன்' என்று பழப்பாகு வைத்த இனிப்பு பன் சாப்பிடுவோம். ஆயினும் அத்தோடு பனிக்காலம் முடிந்துவிடாது. தரையில் பனி மிக உயரமாக நிற்பது மார்ச், ஏப்ரல் மாதங்களில்தான். மே 17 அன்று நடக்கும் தேசிய நாள் ஊர்வலத்தில்கூடச் சில ஆண்டுகளில் பனித்தூறல் விழும். அந்த ஊர்வலத்தில் எங்கள் தமிழ்ப் பெண்கள் பட்டுச் சேலைக்குள்ளே கம்பளிக் காற்சட்டையும் மேலே ஆலை கொடுத்த தடித்த மேலாடையும் அணிந்துகொண்டு, சேலை வெளியே தெரிய வேண்டும் என்பதற்காக முன்பொத்தான்களைத் திறந்துவிட்டபடியே நடப்பார்கள்.