சுழல் விளக்கு காரும் மாதம் 9,700 ரூபாயும்

தருமபுரி வானொலி நேயர்களுக்கு வணக்கம். வருவாய்த் துறையில் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவன் நான். பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம் என் வீட்டுத் திண்ணையில் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். கேள்வி ஒன்றுதான்: "சார், கலெக்டர் ஆகணும்னா பிள்ளையை என்ன படிக்க வைக்கறது?"

பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு தக்காளி விவசாயி மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். மஞ்சப்பையிலிருந்து வழவழவென்று ஒரு கல்லூரிக் கையேட்டை எடுத்து நீட்டினார். பி.ஏ. பொது நிர்வாகம், மூன்று வருசம், விடுதியோடு வருசத்துக்கு ஒன்றரை லட்சம். அட்டையில் சிவப்புச் சுழல் விளக்கு வைத்த வெள்ளைக் கார். அந்த விளக்கை 2017 மே மாதமே மந்திரி, கலெக்டர் வண்டியிலிருந்தெல்லாம் கழற்றியாகிவிட்டது, அட்டையில் மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

"இதைப் படிச்சாத்தானே சார் ஐ.ஏ.எஸ். எழுத முடியும்?" என்றாள் அந்தப் பெண். இல்லை பாப்பா. ஐ.ஏ.எஸ்.ஸுக்கு மத்தியத் தேர்வாணையம் நடத்துகிற யு.பி.எஸ்.சி. பரீட்சைக்கும் சரி, நம்ம மாநிலத் தேர்வாணையம் நடத்துகிற குரூப் 1, குரூப் 2-க்கும் சரி, ஏதாவது ஒரு பட்டம் இருந்தால் போதும். குரூப் 4-க்கு அதுகூட வேண்டாம், பத்தாம் வகுப்பு போதும், அதாவது பதினெட்டு வயது முடிந்திருந்தால் இளநிலை உதவியாளர் வேலைக்கு நீ இப்போதே எழுதலாம். பொது நிர்வாகத்தை யு.பி.எஸ்.சி.யின் மெயின்ஸ் என்கிற முதன்மைத் தேர்வில் விருப்பப் பாடமாக எடுக்கலாம், இரண்டு தாள், 500 மார்க், ஆனால் அதை எடுக்க அதிலேயே பட்டம் வாங்கியிருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

நான் அந்தப் பாடத்தைக் குறை சொல்ல வரவில்லை. வேலையில் இருந்துகொண்டே அஞ்சல் வழியில் எம்.ஏ. பொது நிர்வாகம் படித்தவன்தான் நானும். ஒரு பட்டா மாறுதல் மனு ஏன் இத்தனை மேசை ஏறி இறங்குகிறது, எந்த மேசையை எடுத்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது என்று யோசிக்கக் கற்றுக்கொடுத்ததே அந்தப் படிப்புதான். ஆனால் அதற்கு நான் கொடுத்தது சம்பளத்தில் மிச்சம் பிடித்த சில ஆயிரம். அந்த மாதிரிப் படிக்க இன்றைக்கும் இக்னோவும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன.

சரி, இந்தக் கல்லூரிக்காக அப்பா வங்கியில் வாங்க நினைத்த கல்விக் கடனின் கணக்குக்கு வருவோம். கையேட்டின் பின்பக்கத்திலேயே போட்டுக் காட்டினேன். வருசா வருசம் ஒன்றரை லட்சம், மொத்தம் நாலரை லட்சம், பத்து சதவீத வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். படிக்கிற மூன்று வருசம், அதற்குப் பிறகு ஒரு வருசம், தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி சும்மா இருக்காது, தனி வட்டியாகவே ஒரு லட்சத்து முப்பத்தைந்தாயிரம் சேர்ந்துவிடும். ஆக, கட்ட ஆரம்பிக்கும்போது கடன் 5,85,000. ஏழு வருசத்தில் அடைப்பதென்றால் மாதம் 9,700 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே, மொத்தத்தில் எட்டு லட்சத்தைத் தாண்டும். மத்திய அரசின் வட்டி மானியம் இருக்கிறதே என்றார் அப்பா. இருக்கிறது, ரொம்ப நாளாக இருக்கிற அந்தத் திட்டம் தொழிற்கல்வி, தொழில்நுட்பப் படிப்புகளுக்கானது, பி.ஏ.வுக்கு என்ன கிடைக்கும் என்பதை வங்கியில் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

எதிரே வரவு என்ன? இளநிலை உதவியாளருக்கு ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 19,500, மேலே அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி. துணை கலெக்டருக்கு 56,100. இந்தச் சம்பளம் வந்தால் 9,700 ஒரு சுமையே இல்லை, சமாளிக்கலாம். வந்தால்! 2024-ல் குரூப் 4 அறிவிப்பில் 6,244 இடம், விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கு மேல். முதல் தடவையிலேயே அடித்துவிட்டாலும் அறிவிப்பு, தேர்வு, முடிவு, கலந்தாய்வு என்று ஒரு வருசம் ஓடிப்போகும், வங்கிக்காரர் அதற்கு மேல் காத்திருக்க மாட்டார். அதனால் பரீட்சையில் வேலை கிடைக்காத வருசத்துச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும் என்பது என் கட்சி. ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் மாதம் பதினைந்தாயிரத்துக்குப் போனால், 9,700 போக மீதி 5,300. அறை வாடகை கொடுத்து, சாப்பிட்டு, புத்தகம் வாங்கி, ராத்திரி கண்விழித்துப் படிக்க வேண்டும். நடக்கிற காரியமா?

கடன் பத்திரத்தில் மகளோடு அப்பாவும் கையெழுத்துப் போடுகிறார், அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. ஏழரை லட்சம் வரை நிலத்தை அடமானம் கேட்க மாட்டார்கள், அதனால் ஆபத்தில்லை என்று நினைத்துக்கொள்கிறோம். தவணை நின்றால், கடன் கொடுக்கும் முன் வங்கிகள் பார்க்கிற சிபில் மார்க் அடிபடுவது அவருக்கும்தான். அப்புறம் டிராக்டர் லோனுக்குப் போய் நிற்கும்போதுதான் தெரியும்.

இன்னொன்று. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசு வேலையில் 20 சதவீதம் முன்னுரிமை, 2010-ல் வந்த சட்டம். 2020-ல் திருத்தியதற்குப் பிறகு, பள்ளியிலிருந்து பட்டம் வரை தமிழ் வழியாகவே இருக்க வேண்டும். அந்தக் கல்லூரியில் ஆங்கில வழி மட்டும்தான். பட்டம் கேட்கிற குரூப் 2-ல் இந்தப் பெண் கையில் இருக்கிற சலுகையை நாலரை லட்சம் கொடுத்துத் தொலைக்கப் போகிறாள்!

அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. "தக்காளி பெட்டி என்ன விலைக்குப் போகும்னு நாளைக்கே தெரியாது, ஏழு வருசத்துக்கு எப்படி சார் ஒத்துக்கறது" என்றார்.

அந்தப் பெண் தருமபுரி அரசு கலைக் கல்லூரியில் தமிழ் வழி பி.ஏ.வில் சேர்ந்தாள். அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது, வேலைவாய்ப்பு அலுவலகத்தின் இலவசப் பயிற்சி வகுப்புக்கும் போகிறாள். முதல் தடவை எழுதிய குரூப் 4-ல் வரவில்லை. போன மாதம் மார்க்கெட்டில் அவள் அப்பாவைப் பார்த்தேன். அந்தக் கையேட்டைத் தூக்கிப் போடவில்லை மனுசன், நான் போட்ட கணக்குக்குக் கீழே பெட்டிக் கணக்கு எழுதி வைத்திருக்கிறார்.