சக்கரம் செய்கிற ஊருக்கு உட்கார இடம் இல்லை

(திருப்பூரில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். கைதட்டலை எல்லாம் எடுத்துவிட்டேன், கிண்டலை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன்.)

கூட்டத் தலைவர் ஐயா அவர்களே, வரவேற்புரை என்ற பெயரில் என் பேச்சில் பாதியை ஏற்கெனவே பேசி முடித்துவிட்ட செயலாளர் அவர்களே, வேறு இரண்டு நிகழ்ச்சிகளை விட்டுவிட்டு முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கிற கவுன்சிலர் அம்மா அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய பனியன் கம்பெனி அண்ணன் அவர்களே (இது உங்கள் கம்பெனியில் தைத்தது இல்லை என்று தெரிகிறது, இருந்தாலும் நன்றி), மைக் செட் தம்பி, பின்னால் நின்றுகொண்டே கேட்கிற பீகார் தோழர்களே, எல்லோருக்கும் வணக்கம். கவுன்சிலர் அம்மா எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டுமாம். அதற்குள் முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்குக் கொடுத்த தலைப்பு ‘சாரண் மாவட்டம்: நிலமும் மக்களும்’. மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். ஒன்று நிலம், இரண்டு மக்கள், மூன்று அவர்கள் பேசுகிற போஜ்புரி மொழி.

சாரண் பீகாரின் மேற்கில் இருக்கிறது, மாவட்டத் தலைநகர் சப்ரா. வரைபடத்தில் பார்த்தால் ஒரு முக்கோணம். ஒரு பக்கம் கண்டகி, இன்னொரு பக்கம் காக்ரா, கீழே கங்கை. மலை கிடையாது, வண்டல் மண்தான் மாவட்டம் முழுக்க. ஆற்றுக்கு நடுவிலும் ஓரத்திலும் திட்டுத் திட்டாக மணல் நிலம் இருக்கும், அதை தியாரா என்பார்கள். ஆறு இந்த வருஷம் ஒரு பக்கம் அரிக்கும், அடுத்த வருஷம் மறுபக்கம் மண் போடும், நேற்று என் நிலமாக இருந்தது இன்று ஆற்றுக்குள் இருக்கும். ஜெயப்பிரகாஷ் நாராயண் 1902-ல் பிறந்த சிதாப் தியாரா அப்படிப்பட்ட ஊர்தான், பீகாருக்கும் உத்தரப் பிரதேசத்துக்கும் இடையே பிரிந்து கிடக்கிறது.

கண்டகி கங்கையில் சேருகிற முனையில் சோன்பூர். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி அங்கே நடக்கிற கால்நடைச் சந்தை பெயர்பெற்றது, முன்பு யானைகளுக்கே பேர்போன சந்தை. யானையின் காலை முதலை பிடித்த கதை நடந்த இடமும் இதுதான் என்கிறார்கள். அதே கதையைத் தங்கள் ஊருக்குச் சொல்கிற நம் கபிஸ்தலத்துக்காரர்கள் யாராவது இங்கே இருந்தால் சண்டைக்கு வராதீர்கள், சோன்பூர்க்காரர்கள் சொல்வதைச் சொல்கிறேன். அதே சோன்பூரின் ரயில் நடைமேடை ஏறக்குறைய முக்கால் கிலோமீட்டர் நீளம். ஒரு காலத்தில் உலகத்தின் மிக நீளமான நடைமேடைகளில் ஒன்று. ரயில் என்று வந்துவிட்டது, கொஞ்ச நேரத்தில் அதற்கே போகிறேன்.

சரி, மக்கள். 2011 கணக்குப்படி 39 லட்சத்து 51 ஆயிரத்துச் சொச்சம் பேர். பரப்பு 2,641 சதுர கிலோமீட்டர். ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,496 பேர் வருகிறது. தமிழ்நாட்டில் அது 555. நம்மூரில் இந்த நெரிசல் என்றால் நகரமாக இருக்கும் என்று நினைப்போம். அங்கே நூற்றுக்கு 91 பேர் கிராமத்தில் இருக்கிறார்கள்! 1972-ல் சிவானையும் 1973-ல் கோபால்கஞ்சையும் தனி மாவட்டங்களாக வெட்டிக் கொடுத்த பிறகு மிஞ்சியதுதான் இவ்வளவும். அத்தனை பேருக்கும் அதே நெல், கோதுமை, மக்காச்சோளம், கரும்பு. மடௌராவில் இருந்த சர்க்கரை ஆலையும் மூடிப்போச்சு. அண்ணன் தம்பி பாகம் பிரிக்கப் பிரிக்க வயல் பாய் அளவுக்குச் சுருங்கிவிட்டது, அப்புறம் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். இது நேற்று தொடங்கியதில்லை. 1834-லிருந்து மொரீஷியஸ் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பல் ஏறியவர்களில் போஜ்புரிக்காரர்கள் ஏராளம், நம் ஆட்களும் அதே தோட்டங்களுக்குத்தான் போனார்கள். சாரணில் 1887-ல் பிறந்த பிகாரி தாக்கூர், நாவிதர் வீட்டுப் பிள்ளை, பிழைக்கப் போய் ஊர் திரும்பி நாடகக் குழு கட்டினார். அவருடைய ‘பிதேசியா’ கல்கத்தாவுக்குப் போன புருஷனையும் ஊரில் காத்திருக்கிற பெண்டாட்டியையும் பற்றியது. நூறு வருஷம் ஆகியும் அந்தக் கதைக்கு வேலை இருக்கிறது.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். என்னை ஏற்கெனவே கேட்டவர்கள் சிரிக்கிறீர்கள், பரவாயில்லை, இன்றும் சொல்வேன். சாரண் பிள்ளை அழவே மாட்டேன் என்கிறான்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். பீகார்க்காரர்களின் பெரிய பண்டிகையான சட் பூஜைக்கு முந்தின வாரம் வடக்கே போக வேண்டியிருந்தது. எந்த ரயில் என்பது வேண்டாம். வெயிட்டிங் லிஸ்ட் கடைசிவரை நகரவில்லை, வேறு வழியில்லாமல் முன்பதிவில்லாப் பெட்டியில் ஏறினேன். ஏறினேன் என்பதைவிட ஏற்றப்பட்டேன் என்பதே சரி. சாமான் வைக்கிற பலகையில் மூன்று பேர், நடைபாதையில் மூட்டை மேல் ஆள், ஆள் மேல் மூட்டை. ஒரு பையன் தோளில் கிடந்த கம்சாத் துண்டை இரண்டு கம்பிகளுக்கு நடுவே தொட்டில் மாதிரி கட்டி அதற்குள் தூங்குகிறான், கீழே உட்கார்ந்திருக்கிறவர் தலையை அவன் முதுகு இடிக்கிறது, அவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒருவர் மடியில் ஸ்டாண்ட் ஃபேன், பெட்டி பிரிக்காதது, இரண்டு நாளும் அவர் கையை விட்டு அது இறங்கவில்லை. பக்கத்துப் பெரியவர் வறுத்த கடலை மாவை, சத்து என்பார்கள், வெங்காயம், பச்சைமிளகாய், உப்பு போட்டுப் பிசைந்து எனக்கும் ஒரு உருண்டை கொடுத்தார். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் சாப்பிட்டால் தண்ணீர் குடிக்க வேண்டும், தண்ணீர் குடித்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். பத்தடி தூரத்தில் இருக்கிற கழிவறைக்கு அரை மணி நேரம் நீந்திப் போனேன். கதவு சாத்தியிருக்கிறது. தட்டினேன், சத்தமில்லை. எனக்குத் தெரிந்த இந்தியில் “பாய் சாப், ஜல்தி” என்றேன். உள்ளேயிருந்து சுத்தமான கொங்குத் தமிழில் பதில் வருகிறது: “அண்ணா, உள்ள இடம் இல்லீங்க! ஏற்கனவே ஆறு பேர் இருக்கறோம்!”

(இங்கே சிரிப்பு அடங்க நேரமானது.) திருப்பூரில் செக்கிங் வேலை பார்க்கிற சப்ராப் பையன் அவன். கதவைத் திறந்துவிட்டார்கள், ஆறு பேரும் வெளியே வர இடமில்லாததால் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார்கள். மேற்கொண்டு கேட்காதீர்கள், கவுன்சிலர் அம்மா இருக்கிறார்.

இப்போது என் கேள்வி. சாரண் மாவட்டத்தில் பேலா என்ற இடத்தில் ரயில் சக்கரம் வார்க்கிற ஆலை இருக்கிறது. சர்க்கரை ஆலை மூடின அதே மடௌராவில் டீசல் எஞ்சின் ஆலை, 1,000 எஞ்சினுக்கு 2015-ல் அமெரிக்கக் கம்பெனியோடு போட்ட ஒப்பந்தம், 6,000 குதிரைத்திறன் எஞ்சின்கூட அங்கே தயாராகிறது. சக்கரமும் எஞ்சினும் கொடுக்கிற மாவட்டத்து ஆள் கழிவறையில் நின்றுகொண்டு வருகிறான். நம் சென்ட்ரலிலிருந்து சப்ராவுக்கு நேராகப் போகிற கங்கா காவேரி எக்ஸ்பிரஸ் வாரத்துக்கு இரண்டு முறைதான். திருப்பூர்க்காரன் அதைப் பிடிக்க முதலில் சென்னைக்கு ஒரு ராத்திரி பயணம் போக வேண்டும். ஏசி பெட்டியில் போகிறவர் ஒரு ட்வீட் போட்டால் அடுத்த ஸ்டேஷனில் ஆள் வந்து நிற்கிறது. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும், இவன் ஓட்டு சப்ராவில், உடம்பு திருப்பூரில், எந்த எம்.பி.யிடம் போய் அழுவான்?

செய்ய முடியாத காரியம் ஒன்றும் இல்லை. 2023 டிசம்பரில் தொடங்கிய அம்ரித் பாரத் ரயில்களில் ஏசி பெட்டியே கிடையாது, எல்லாம் படுக்கையும் பொதுப் பெட்டியும்தான். 2025-ல் ஜோக்பனியிலிருந்து ஈரோட்டுக்கே அப்படி ஒன்று வந்துவிட்டது. ஜோக்பனி பீகாரின் வடகிழக்கு மூலை, சாரண்காரனுக்கு அது வேறு திசை. சப்ராவுக்கும் ஒன்று விடுங்கள், கங்கா காவேரியைத் தினசரியாக்குங்கள், முன்பதிவில்லாப் பெட்டியைக் கூட்டுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான்.

தலைவர் ஐயா துண்டுச்சீட்டு அனுப்பியிருக்கிறார். மொழியைப் பற்றி ஒரு வரி: போஜ்புரியைத் தாய்மொழி என்று 2011-ல் சொன்ன 5 கோடிப் பேரும் கணக்கில் இந்திக்குக் கீழேதான் போனார்கள். அது தனிக் கூட்டத்துக்கு உரிய விஷயம், செயலாளர் தேதி கொடுக்கட்டும்.

மனு வாசல் மேசையில், டீ கேனுக்குப் பக்கத்தில் இருக்கிறது. தமிழிலும் இந்தியிலும் அடித்திருக்கிறோம். பின்னால் நிற்கிற தோழர்கள் முதலில் கையெழுத்துப் போடட்டும், முன்வரிசைக்காரர்கள் பிறகு போடலாம். கங்கா காவேரியின் ரயில் எண் 12669, 12670 இரண்டும் குறித்திருக்கிறது. கவுன்சிலர் அம்மா, நீங்கள் கிளம்பும்போது ஒரு பிரதி எடுத்துக்கொண்டு போங்கள், உங்கள் எம்.பி. இந்த வாரம் ஊரில்தான் இருக்கிறாராம்.