தலாத் பாஷாவின் கணக்கேடு: ஆர்மீனிய இனப்படுகொலையும் அதன் மறுப்பும்

வணக்கம். இன்றைய துருக்கியை மையமாகக் கொண்டிருந்த ஒட்டோமான் பேரரசு, 1915-இல் தொடங்கி, தன் கிறிஸ்தவக் குடிமக்களான ஆர்மீனியர்களை ஊர்களிலிருந்து வெளியேற்றிக் கொன்றதே ஆர்மீனிய இனப்படுகொலை. அதைப் பற்றிய இந்தப் பதிவை இறந்தவர்களின் படங்களிலிருந்து தொடங்க எனக்கு விருப்பமில்லை. அவற்றில் பலவற்றை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். ஒரு கணக்கேட்டிலிருந்து தொடங்குகிறேன்.

முதலாம் உலகப் போரின்போது ஒட்டோமான் பேரரசின் உள்துறை அமைச்சராக இருந்தவர் தலாத் பாஷா. அவரிடமிருந்த ஆவணங்களை அவருடைய மனைவி ஹைரியே பல பத்தாண்டுகள் பாதுகாத்து வைத்திருந்து, 1983-இல் தாம் இறப்பதற்கு முன் முராத் பர்தக்சி என்ற துருக்கிய எழுத்தாளரிடம் ஒப்படைத்தார். அவர் 2008-இல் அவற்றை நூலாக அச்சிட்டார். அதில் வெளியேற்றத்துக்கு முன் பேரரசில் இருந்த ஆர்மீனியர் தொகை ஏறத்தாழ 12,56,000 என்றும், 1917-இல் 2,84,157 என்றும் குறிக்கப்பட்டுள்ளது. கழித்துப் பார்த்தால் 9,72,000 பேரைக் காணவில்லை. ருஷ்யாவுக்குத் தப்பியவர்களும் மதம் மாற்றப்பட்டுக் கணக்கிலிருந்து மறைந்தவர்களும் இதில் உண்டு என்பதால், இதையே இறந்தோர் தொகை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இந்தக் கணக்கை எழுதியவர் ஆர்மீனியர் அல்லர், எதிரி நாட்டுப் பிரசாரகரும் அல்லர். வெளியேற்றத்தை நடத்திய அமைச்சரே தம் வேலை எவ்வளவு முடிந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்ட கணக்கு இது.

நடந்தது இனப்படுகொலையே அல்ல என்று துருக்கி அரசு மறுக்கிறது. இந்த மறுப்பைப் பிற்காலத்தில் யாரோ கண்டுபிடித்தார்கள் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது சரியல்ல என்பது என் கருத்து. கொலை நடந்துகொண்டிருந்தபோதே மறுப்பும் கூடவே எழுதப்பட்டது.

1915 ஜனவரியில் சரிகாமிஷில் போர் அமைச்சர் என்வர் பாஷாவின் படை ருஷ்யரிடமும் குளிரிடமும் தோற்று அழிந்தது. அந்தப் பழி ஆர்மீனியர்கள் மேல் விழுந்தது. படையிலிருந்த ஆர்மீனியர்களின் ஆயுதங்கள் பிடுங்கப்பட்டு, அவர்கள் கூலிப் பட்டாளங்களில் தள்ளப்பட்டனர். ஏப்ரல் 24 அன்று தலைநகர் கான்ஸ்டான்டிநோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) எழுத்தாளர்கள், ஆசிரியர்கள், குருமார்கள் என இருநூறுக்கும் மேற்பட்டோர் இரவோடு இரவாகக் கைதாகி உள்நாட்டுக்கு அனுப்பப்பட்டனர். கவிஞர் தானியேல் வருஜான் அப்படிப் போய்த் திரும்பவில்லை. இசையறிஞர் கோமிதாஸ் திரும்பினார், ஆனால் மனம் சிதைந்து, இருபது ஆண்டுகளுக்குப் பின் பாரிஸில் இறந்தார். மே மாதம் 27 அன்று வெளியேற்றச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தில் ஆர்மீனியர் என்ற பெயர் ஓரிடத்திலும் இல்லை என்பதைக் கவனியுங்கள். போர்க்காலப் பாதுகாப்புக்காக மக்களை இடம் மாற்றும் அதிகாரத்தைப் படைத் தளபதிகளுக்கு வழங்கும் பொதுவான சட்டம் போலவே அது எழுதப்பட்டது.

இப்போது வெளியேற்றம் நடந்த விதத்தைப் பாருங்கள். கிழக்கே உள்ள எர்சுரூம், ஹார்புத் போன்ற ஊர்களிலிருந்து கிளம்பிய கூட்டங்களில் ஆண்கள் பெரும்பாலும் ஊரெல்லையைத் தாண்டியதுமே தனியே பிரிக்கப்பட்டுக் கொல்லப்பட்டனர். பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் சிரியப் பாலைவனம் வரை நடத்தப்பட்டனர். ஹார்புத்தில் இருந்த அமெரிக்கத் துணைத்தூதர் லெஸ்லி டேவிஸ் குதிரையேறிக் கோல்ஜுக் ஏரியைச் சுற்றி வந்து, கரையோரப் பள்ளத்தாக்குகளில் ஆயிரக்கணக்கான உடல்களைக் கண்டு அரசுக்கு எழுதினார். அமெரிக்கர்கள் அப்படித்தான் எழுதுவார்கள் என்று சொல்ல இடமில்லை, ஏனெனில் ஒட்டோமான் அரசின் போர்க்காலக் கூட்டாளியான ஜெர்மனியின் தூதர் வாங்கென்ஹைமும், ஆர்மீனிய இனத்தை அழிப்பதே அரசின் நோக்கம் என்று 1915 ஜூலையில் பெர்லினுக்கு எழுதியிருக்கிறார். ஆர்மீனியர்கள் அழிந்தாலும் சரி, போர் முடியும்வரை துருக்கியைத் தம் பக்கம் வைத்திருப்பதே குறி என்பதுதான் ஜெர்மனியின் அரசுத் தலைவரான சான்சலர் பெத்மன் ஹோல்வெக்கின் நிலைப்பாடாக இருந்தது. நடத்திச் செல்லப்பட்டவர்களில் பிழைத்தவர்கள் சிரியாவின் டெய்ர் எஸ்ஸோரில் கூடினார்கள். 1916-இல் அங்கேயும் ஆளுநரை மாற்றி, லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றார்கள்.

துருக்கி அரசு இன்றுவரை சொல்லும் விளக்கம் இது: ஆர்மீனியர்கள் எல்லைப்புறத்தில் கலகம் செய்தார்கள், வான் நகரில் ஆயுதம் ஏந்தினார்கள், ஆகவே இடம் மாற்றினோம். வழியில் பசியும் நோயும் கொண்டுபோயின, முஸ்லிம்களும்தானே செத்தார்கள். போரில் முஸ்லிம் குடிமக்களும் பெருந்தொகையில் இறந்தது உண்மை. ருஷ்யப் படையுடன் சேர்ந்த ஆர்மீனியத் தன்னார்வலர்கள் இருந்ததும் உண்மை. ஆனால் ருஷ்ய எல்லைக்கு நெடுந்தூரத்தில், மேற்கே உள்ள பூர்சாவிலிருந்தும் அங்காராவிலிருந்தும் ஏன் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள் என்பதற்கு இந்த விளக்கத்தில் பதில் இல்லை. உத்தரவுக்கு இணங்காத அதிகாரிகளின் கதிக்கும் பதில் இல்லை. அலெப்போவிலும் பிறகு கோன்யாவிலும் ஆளுநராக இருந்த ஜெலால் பே ஆர்மீனியர்களை அனுப்ப மறுத்தார், பதவி பறிபோனது. லிஜே வட்டத்தின் அதிகாரி ஹுசைன் நெசிமி மறுத்தார், அவர் உயிரே போனது. வெறும் இடமாற்றத்தில் தயங்கிய ஓர் அதிகாரியைக் கொல்ல வேண்டிய தேவை என்ன?

சொத்தைப் பற்றிப் பேசாமல் இதைப் பேசவே முடியாது. 1915 செப்டம்பரில் 'கைவிடப்பட்ட சொத்துகள்' சட்டம் வந்தபோது, ஒட்டோமான் மேலவையிலேயே உறுப்பினர் அஹ்மத் ரிசா எழுந்து, உரிமையாளரை வலுக்கட்டாயமாகத் துரத்திவிட்டு அவர் சொத்தைக் கைவிடப்பட்டது என்று சொல்வது எப்படிச் சட்டமாகும் என்று எதிர்த்தார். அவர் குரல் எடுபடவில்லை. வீடும் வயலும் கடையும் தேவாலயமும் கைமாறின. அங்காராவில் குடியரசுத் தலைவர்கள் பல பத்தாண்டுகள் வாழ்ந்த சங்காயா மாளிகையின் இடமும் முன்பு கசாபியான் என்ற ஆர்மீனியக் குடும்பத்துக்குச் சொந்தமானது. ஒப்புக்கொண்டால் திருப்பிக் கொடுக்க வேண்டிவருமே என்ற அச்சத்தை யாரும் வெளியே சொல்வதில்லை. ஆனால் இன்றைய மறுப்பின் அடித்தளத்தில் அதுவும் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

இதையெல்லாம் முதலில் விசாரித்ததும் துருக்கியர்களே. போரில் தோற்றபின் 1919-இல் கான்ஸ்டான்டிநோபிளில் ராணுவ நீதிமன்றம் கூடி, தலைமறைவாகிவிட்ட தலாத், என்வர், கடற்படை அமைச்சராக இருந்த ஜெமால் ஆகியோருக்கு மரண தண்டனை விதித்தது. யோஸ்காட் பகுதியில் ஆர்மீனியர்களைக் கொன்ற வழக்கில் மெஹ்மத் கெமால் என்ற அதிகாரி தூக்கிலிடப்பட்டார். மூன்றே ஆண்டுகள் கழித்து, 1922-இல், அங்காராவில் கூடிய தேசிய நாடாளுமன்றம் அதே கெமாலைத் தேசத் தியாகி என்று அறிவித்தது. 1921-இல் பெர்லின் தெருவில் சோகோமோன் தெஹ்லிரியான் என்ற ஆர்மீனியர் சுட்டுக் கொன்ற தலாத்தின் எச்சங்களை 1943-இல் ஹிட்லரின் ஜெர்மனி அனுப்பிவைக்க, இஸ்தான்புல்லில் அரசு மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். தண்டிக்கப்பட்டவர்களைத் தலைவர்களாக வரித்துக்கொண்ட பின் அந்தத் தீர்ப்பை எப்படி மதிப்பது?

அந்த நீதிமன்றத்தின் மூல ஆவணங்களில் பெரும்பகுதி பிற்பாடு காணாமல் போயிற்று. காணாமல் போன பிறகு, மூலத்தைக் காட்டுங்கள் என்று கேட்பது மறுப்பாளர்களுக்கு எளிதாயிற்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, பூசணிக்காய் எங்கே என்று விருந்தாளியையே கேட்பதுபோல. 2017-இல் துருக்கிய வரலாற்றாளர் தானெர் அக்சாம் அதற்கு ஒரு பதிலை வைத்தார். கிரிகோர் கெர்கெரியன் என்ற பாதிரியார் பல ஆண்டுகளுக்கு முன் ஜெருசலேமில் படமெடுத்து வைத்திருந்த தொகுப்பில், வழக்கில் சான்றாகப் பயன்பட்ட ஒரு தந்தியின் படம் இருந்தது. தாள் முழுதும் எண்கள்; அவற்றின் பொருள் பெயர்த்து எழுதப்பட்டிருந்தது. கொலைகளில் ஈடுபட்ட 'சிறப்பு அமைப்பு' என்ற ஒட்டோமான் ரகசியப் படையின் முக்கியப் புள்ளியான பஹாவுத்தீன் ஷாகிர் 1915 ஜூலையில் எர்சுரூமிலிருந்து ஹார்புத்துக்கு அனுப்பியது அது. அங்கிருந்து அனுப்பப்படும் ஆர்மீனியர்கள் ஒழித்துக்கட்டப்படுகிறார்களா, அல்லது வெறுமனே அனுப்பிவைக்கப்படுகிறார்களா என்று அவர் விசாரிக்கிறார்.

மறுப்பு எல்லை தாண்டியும் வேலை செய்தது. மூசா மலையில் நின்று எதிர்த்துப் பிரெஞ்சுக் கப்பல்களால் மீட்கப்பட்ட ஏறத்தாழ 4,000 ஆர்மீனியர்களின் கதையைப் படமாக்க ஹாலிவுட்டின் எம்.ஜி.எம். நிறுவனம் முயன்றபோது, 1930-களின் நடுவில் துருக்கித் தூதரகம் அமெரிக்க வெளியுறவுத் துறை வழியாக அழுத்தம் கொடுத்து அதை நிறுத்தியது. 1990-இல் நடந்தது கிட்டத்தட்ட நகைச்சுவை. ராபர்ட் ஜே லிஃப்டன் என்ற அமெரிக்க மனநல அறிஞர் தம் நூலில் இந்தப் படுகொலையைக் குறிப்பிட்டதைக் கண்டித்துத் துருக்கித் தூதரிடமிருந்து கடிதம் வந்தது. உறையைப் பிரித்தால், அந்தக் கடிதத்தை எப்படி எழுத வேண்டும் என்று ஓர் அமெரிக்க வரலாற்றாளர் தூதருக்கு எழுதிக்கொடுத்த வரைவும் தவறுதலாகச் சேர்ந்தே வந்திருந்தது. துருக்கி நேட்டோவில் இருப்பதால் அமெரிக்க அதிபர்கள் நெடுங்காலம் 'இனப்படுகொலை' என்ற சொல்லையே தவிர்த்தார்கள். 2021 ஏப்ரல் 24 அன்று பைடன்தான் அதைத் தயங்காமல் சொன்னார்.

வரலாற்றை வரலாற்றாளர்களிடம் விடுவோம் என்று துருக்கி அரசு இப்போது சொல்கிறது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 2017-இல் நாடாளுமன்ற உறுப்பினர் காரோ பைலான் அவையில் அந்தச் சொல்லைப் பயன்படுத்தியதும் மூன்று அமர்வுகளுக்கு இடைநீக்கம் செய்யப்பட்டார். 'அகோஸ்' இதழின் ஆசிரியரும் துருக்கியில் வாழ்ந்த ஆர்மீனியருமான ஹ்ராண்ட் டிங்க் துருக்கிய அடையாளத்தை இழிவுபடுத்தினார் என்று தண்டனைச் சட்டத்தின் 301-ஆம் பிரிவில் 2005-இல் தண்டிக்கப்பட்டார்; அவர் எழுதியதில் இழிவு எதுவுமில்லை என்று நீதிமன்றம் அமர்த்திய வல்லுநர்களே சொல்லியும் பயனில்லை. 2007 ஜனவரி 19 அன்று இஸ்தான்புல்லில் தம் அலுவலக வாசலில் 17 வயதுப் பையன் ஒருவனால் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். பிடிபட்ட அந்தப் பையனோடு, தேசியக் கொடி தெரியும்படி, பாதுகாப்புப் படையினர் நின்று எடுத்துக்கொண்ட படங்கள் வெளியாயின. 'நாங்கள் எல்லோரும் ஆர்மீனியர்கள்' என்ற பதாகைகளோடு லட்சம் பேர் அவருடைய இறுதி ஊர்வலத்தில் நடந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும், ஏனெனில் அவர்களில் பெரும்பாலோர் துருக்கியர்கள். கொலை மிரட்டல் தெரிந்திருந்தும் அரசு அவரைக் காக்கவில்லை என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2010-இல் தீர்ப்பளித்தது. சுட்டவர் 2023-இல் விடுதலையாகிவிட்டார்.

யோஸ்காட் வழக்கில் யார் சாட்சி சொன்னார்கள், உள்ளூர் முஸ்லிம் அதிகாரிகள் என்ன சொன்னார்கள் என்பதை இந்தப் பதிவில் அடக்க முடியவில்லை. அதை மட்டும் தனியாக எடுத்து அடுத்த பதிவில் பேசுகிறேன்.