கத்தி பட்டால் பரவுமா?

வணக்கம். காரைக்குடிப் பக்கம் அறுவை சிகிச்சை செய்கிற எந்த மருத்துவரும் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது: "ஏந்தம்பி, கத்தி பட்டா புற்று பரவிருமாமே?" மார்பில் கட்டியோடு வருகிற ஆச்சி கேட்பார், தேவகோட்டையிலிருந்து கூட வந்த மகனும் அதையேதான் கேட்பார். நான் சிரித்து ஒதுக்குவதில்லை. அந்தப் பயத்துக்குள் ஒரு துளி உண்மை இருக்கிறது. அதை வைத்து எடுக்கிற முடிவுதான் தப்பு.

தோலில் கத்தி பட்டதும் ரத்தத் தட்டணுக்கள் ஓடிவந்து அடைக்கின்றன. அதோடு நிற்பதில்லை, வளர்ச்சியைத் தூண்டும் பொருள்களையும் கொட்டுகின்றன. அடுத்து வெள்ளணுக்கள் வரும், புது ரத்தக்குழாய்கள் முளைக்கும், நார்த்திசு உருவாகும். மூன்றாம் நாள் தையலோரம் லேசாகத் தடித்துச் சிவந்திருந்தால் "சீழ் வச்சிருச்சா?" என்று பதறுவார்கள். பெரும்பாலும் இல்லை, உள்ளே வேலை நடக்கிறது. வேலை முடிந்ததும் உடம்பே நிறுத்திக்கொள்ளும்; சிவப்பு வெளுத்துத் தழும்பாகும்.

புற்றுக்கட்டியும் இதே சரக்கை வைத்துத்தான் வளர்கிறது, நிறுத்தத்தான் தெரியாது. அதனால்தான் அமெரிக்க நோய்க்குறியியல் அறிஞர் ஹரால்ட் டுவோராக், 1986இல் புற்றுக்கட்டிகளை ஆறாத புண்கள் என்றார்.

அப்படியானால் ஆறுகிற புண், எங்கோ ஒளிந்திருக்கும் புற்றணுக்களை உசுப்பிவிடுமா? எலிகளில் உசுப்பியது. 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வில், புற்றணுக்கள் இருந்த இடத்துக்குத் தொலைவில் காயம் செய்தார்கள். அதுவரை நோயெதிர்ப்பு அணுக்கள் அடக்கி வைத்திருந்த கட்டிகள் வளரத் தொடங்கின. மெலாக்சிகாம் என்ற வலிமருந்தைக் கொடுத்தபோது அது குறைந்தது. எலிக்குக் குறைந்ததென்று நீங்கள் கடையில் வாங்கி விழுங்கிவிடாதீர்கள். வயிறும் சிறுநீரகமும் பழுதாகும்.

சரி, பயந்து கட்டியை விட்டுவைத்தால்? கத்தியே படாமல் அது தினமும் பரவ முயன்றுகொண்டிருக்கும். தொடக்கத்திலேயே வெட்டி எடுத்துக் குணமானவர்கள் நம் ஊர்களிலேயே நிறையப் பேர் நடமாடுகிறார்கள். வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.

புண்ணுக்கும் புற்றுக்கும் உள்ள இந்த உறவை மருந்திலும் பார்க்கலாம். பெவாசிசுமாப் என்ற ஊசி கட்டிக்குள் புது ரத்தக்குழாய் முளைப்பதைத் தடுக்கும். தடுத்தால் தையலும் ஆறாதே! ஆகவே திட்டமிட்ட அறுவைக்கு முன்னும் பின்னும் குறைந்தது 28 நாள் அதை நிறுத்திவைப்போம். அந்த ஊசி போடுபவர் பல் பிடுங்கப் போனாலும் முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. விசேஷ வீடுகளில் விறகடுப்போடு மல்லுக்கட்டுகிற சமையல்காரர்கள் சிலருக்குக் காலில் பழைய தீக்காயத் தழும்பு இருக்கும். அது வெடித்து, ஆறி, மறுபடி வெடித்து வருடக்கணக்கில் இழுத்தால், அந்த இடத்திலேயே புற்று வரக்கூடும். ஓரம் தடித்து மேலெழும்பினாலோ, தொட்டால் ரத்தம் கசிந்தாலோ, களிம்பை மாற்றி மாற்றித் தடவிக்கொண்டிருக்க வேண்டாம். சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். மரத்துப்போக ஊசி போட்டு எடுப்பதுதான். பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடலாம்.