பத்துக்கு ஒன்பதில் ஒரு மாட்டுக் கொட்டகை

நேயர்களுக்கு வணக்கம். சொத்து வரி கூடிவிட்டது என்று வருத்தப்படாத வீடு இல்லை. உங்களிடம் ஒன்று கேட்கிறேன். மாநகராட்சிப் பதிவேட்டில் உங்கள் வீடு எத்தனை சதுர அடி என்று தெரியுமா?

ஏன் கேட்கிறேன் என்றால், 2022 ஏப்ரலில் தமிழ்நாட்டில் வரியை உயர்த்தியபோது பரப்பளவை வைத்துத்தான் படி பிரித்தார்கள். சென்னை தவிர்த்த மாநகராட்சிகளில் குடியிருப்புக்கு 600 சதுர அடி வரை 25 சதவீத உயர்வு, 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. 1,200-க்கு மேல் கொஞ்சம் போனாலும் அடுத்த படிதான்.

எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது. பதிவேட்டில் 1,230 சதுர அடி. அப்பா காலத்தில் பின்பக்கம் பத்துக்கு ஒன்பதில் ஒரு மாட்டுக் கொட்டகை இருந்தது. மாட்டை விற்று, கொட்டகையையும் இடித்துப் பல வருஷம் ஆகிறது. அந்த இடத்தில் இப்போது முருங்கை மரம் நிற்கிறது. ஆனால் கணக்கில் அந்த 90 சதுர அடி அப்படியே இருந்தது. அதைக் கழித்தால் 1,140. அரையாண்டுக்கு 800 ரூபாய் கட்டியவர்களுக்கு உயர்வு மட்டும் 400 ரூபாயா, 600 ரூபாயா என்பதை அந்தக் கொட்டகைதான் தீர்மானித்தது.

வாய்வார்த்தையாகச் சொன்னபோது அலுவலகத்தில் யாரும் காதில் வாங்கவில்லை. அப்புறம் மனுவாக எழுதினேன். வரிவிதிப்பு எண், பதிவேட்டு அளவு, நாங்கள் அளந்த அளவு, கையால் போட்ட வரைபடம், முருங்கை மரத்தோடு பின்பக்கப் புகைப்படம், கடைசியாகக் கட்டிய ரசீது. ஆணையருக்கு எழுதி, நகலில் முத்திரையும் தேதியும் போட்டு வாங்கிக்கொண்டேன். அந்த நகல் இல்லாமல் திரும்பாதீர்கள். புதிதாக மதிப்பீட்டு அறிவிப்பு வந்திருந்தால், ஆட்சேபிக்கும் கெடு அதிலேயே இருக்கும். அதைத் தவற விடாதீர்கள்.

"வரி அதிகம், குறையுங்கள்" என்று மட்டும் எழுதினால் பலன் இருக்காது. எந்தப் பதிவு தப்பு என்று காட்ட வேண்டும். பரப்பளவு மட்டுமல்ல, பயன்பாட்டையும் பாருங்கள். வாசல் அறையில் முன்பு கடை இருந்து, எடுத்த பிறகும் வணிகம் என்றே பதிவில் நின்றால் அதற்கான வரி விகிதமே வேறு. மனு நிலுவையில் இருக்கிறதே என்று வரி கட்டுவதையும் நிறுத்த வேண்டாம். பாக்கி சேர்ந்தால் வட்டி ஏறும்.

ஒருநாள் ஊழியர் ஒருவர் நாடாவோடு வந்தார். ஒரு முனையை அம்மா பிடித்துக்கொண்டார். பின்பக்கம் வந்ததும், "இங்கேதானே கொட்டகை?" என்று கேட்டு, மரத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். உத்தரவு வந்தபிறகும் கணினியில் 1,230 மாறவில்லை. இன்னொரு முறை போய், திரையில் 1,140 வந்ததைப் பார்த்த பிறகுதான் வீட்டுக்கு வந்தேன்.